குட்டை எதிரில், மூன்றாவது மாடி

முப்பத்தொன்று. அவர் வேலையில் சேர்ந்த ஆண்டு அந்தச் சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஏறிய குழந்தைகள் அவ்வளவுதான். போன ஆண்டு ஏறியவர்கள் ஆயிரத்துப் பன்னிரண்டு. நடுவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. கட்டடத்தை இரண்டு முறை இடித்துக் கட்டினார்கள், பதினொரு டாக்டர்கள் வந்து போனார்கள், பதிவேடு கணினிக்குள் போய்விட்டது. இத்தனைக்கும் நடுவில் அதே நாற்காலியில் இருப்பவர், எல்லோரும் ஊசி அக்கா என்று கூப்பிடும் அந்த நர்ஸ் மட்டும்தான்.

ஐம்பத்தாறு வயது. குள்ளம், வேக நடை. இடது கட்டைவிரலின் அடியில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஊசிக்குப் பயந்து கடித்தது. முதல் வருடத்து முப்பத்தொரு பேரில் அவனும் ஒருவன். யாராவது கேட்டால் விரலைத் தூக்கிக் காட்டி, "இதுதான் என்னோட சர்வீஸ் சர்டிபிகேட்" என்பார்.

அன்றைக்கு இந்தப் பகுதி நகரத்தின் கடைசி ஓரம். ஒரு செங்கல் சூளை, ஒரு குட்டை, லாரி பழுது பார்க்கும் ஒரு கொட்டகை, இவற்றைச் சுற்றி ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். இப்போது அறுபத்திரண்டாயிரம். சூளை நின்ற இடத்தில் பதினான்கு மாடிக் கட்டடங்கள் மூன்று எழுந்துவிட்டன. கொட்டகை பள்ளிக்கூடம் ஆனது. குட்டையை மண் கொட்டி மூடி, அதன்மேல் பேருந்து நிலையம் கட்டிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. நகரம் இவர்களைத் தாண்டி இன்னும் ஏழு கிலோமீட்டர் போய்விட்டது.

பழைய நாட்களைப் பற்றிக் கேட்டால் ஊசி அக்கா பெருமூச்சு விடுவதில்லை. "கொசு" என்கிறார். வேறு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், "தண்ணி இல்லாம கை கழுவ முடியாம நின்னது." கூட்டம் கூடிவிட்டது என்று யாராவது சலித்துக்கொண்டால் அவருக்குப் பிடிப்பதில்லை. அதற்கு அவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. மருந்து வைக்கும் நல்ல குளிர்பெட்டி வந்தது மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டிய பிறகு. இரண்டாவது டாக்டர் முப்பதாயிரத்துக்குப் பிறகு. பிறந்த குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி, நான்கு சொட்டு ரத்தத்தை ஓர் அட்டையில் எடுத்து அனுப்பும் பரிசோதனை இரண்டு வருடத்துக்கு முன்பு, அறுபதாயிரத்தைத் தொட்டபோது வந்தது. "ஆள் வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு எல்லாம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கு எவன் மிஷின் வாங்குவான்?"

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இந்தக் கதையே அதில்தான் தொங்குகிறது.

வேலையில் சேர்ந்தபோது இங்கே வீடுகளுக்கு எண் கிடையாது, தெருக்களுக்குப் பெயரும் கிடையாது. ஆகவே முகவரிக் கட்டத்தில் அவர் தன் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். "சூளைக்குப் பின்னால், பச்சைக் கதவு." "கொட்டகை தாண்டி இரண்டாவது." அதை வைத்து மழையிலும் வெயிலிலும் ஒரு வீட்டையும் தவறவிட்டதில்லை. பிறகு தெருக்களுக்குப் பெயர் வந்தது, கதவுகளுக்கு எண் வந்தது, சூளை போயிற்று. கை மட்டும் பழையபடியே எழுதியது. புதிதாக வந்தவர்கள் மூன்றாம் குறுக்குத் தெரு, நான்காவது பிளாக் என்று சொல்லச் சொல்ல, அவர் தலைக்குள் அதை மொழிபெயர்த்து, "சூளை, மேல் பக்கம்" என்று எழுதினார். தேடிப் போகிறவரும் அவரே என்பதால் ஒரு குழப்பமும் வரவில்லை.

ஏழெட்டு மாதத்துக்கு முன்பு கணினி வந்தபோது அது கதவு எண் கேட்டது. எண் போடாமல் அடுத்த கட்டத்துக்கு நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் எல்லோருக்கும் ஒன்று என்று போட்டுவிட்டு, கீழே குறிப்பு எழுதும் இடத்தில் தன் வழக்கப்படி எழுதிவந்தார்.

பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் அவரைவிடப் பத்து வயது சிறியவர், நக்கல் பேர்வழி. ஒரு நாள் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, உங்க கணக்குப்படி அறுநூத்து நாப்பது குழந்தைங்க ஒரே வீட்டுல குடியிருக்காங்க. ஒண்ணாம் நம்பர் வீடு. பாவம், அந்த வீட்டுல ஒரு பாத்ரூம்தான் இருக்கும்."

"எனக்கு வீடு தெரியும் சார். உங்க மிஷினுக்குத்தான் தெரியாது" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது. வரிசையில் முப்பது பேர் நின்றார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. ஒன்பது நாளுக்கு முன்பு எடுத்த அட்டை. பெண் குழந்தை, அட்டை எடுத்த அன்று பிறந்து மூன்றாம் நாள். தைராய்டு சுரப்பு கிட்டத்தட்ட இல்லை.

டாக்டர் முப்பது வயதுப் பெண், படபடப்பில்லாதவர். அன்றைக்கு எழுந்து நின்றே பேசினார். இது சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. தினம் ஒரு சின்ன மாத்திரை, பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தால் போதும், மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். ஆனால் உடனே தொடங்க வேண்டும். வாரங்கள் போய், மாதங்கள் போனால் மூளை வளர்ச்சி நின்றுவிடும். பிறகு எந்த மாத்திரையாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. "இன்னைக்குப் பன்னிரண்டாவது நாள், சிஸ்டர். பதினாலுக்குள்ள ஆரம்பிச்சாகணும்."

ஊசி அக்கா பதிவைத் திறந்தார். கதவு எண் ஒன்று. கீழே அவர் கைப்பட: குட்டை எதிரில், மூன்றாவது மாடி.

குழந்தையின் அம்மா முகம் மங்கலாக ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். தனியாக வந்திருந்தாள். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டதற்கு, பேருந்து நிலையம் பக்கம், மூன்றாவது மாடி என்றாள். பேருந்து நிலையம் என்றால் குட்டை. கை எழுதிவிட்டது.

பதிவில் இருந்த எண்ணை அழைத்தார்கள். ஒரு டயர் கடைக்காரர் எடுத்தார். தனக்கு மகளும் இல்லை, பேத்தியும் இல்லை, டயர் வேண்டுமானால் சொல்லுங்கள் என்றார். பிரசவம் பார்த்த பெரிய மருத்துவமனையில் விசாரித்தார்கள். அங்கே இருந்த முகவரி ஒரு கட்டுமானத் தொழிலாளர் கொட்டகை. அது பிரிக்கப்பட்டு ஒரு மாதம் ஆகிறது. அம்மாவின் பெயரை வைத்துத் தேடினால் அந்த மாதம் மட்டும் அதே பெயரில் ஐந்து பேர்.

எழுத்தர் அன்று நக்கல் செய்யவில்லை. "குட்டை எதிர்லன்னா எந்த எதிர்க்கா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் ஊசி அக்காவை உலுக்கியது. குட்டை இருந்த காலத்தில் அதன் எதிரில் ஒரே ஒரு வீடு இருந்தது. மற்ற மூன்று பக்கமும் புதர். குட்டை எதிரில் என்றால் அந்த வீடுதான், வேறு பொருளே கிடையாது. இப்போது அந்த இடத்தில் பேருந்து நிலையம். நான்கு பக்கமும் தெரு, நான்கு பக்கமும் எதிர்ப்பக்கம். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பேருந்து நிலையத்தின் நடுவில் நின்று எண்ணிப் பார்த்தார். மூன்றாவது மாடி உள்ள கட்டடங்கள் பதினேழு.

முதலில் பால்கனிகளைப் பார்த்தார். இது அவர் தொழில் அறிவு. பச்சைக் குழந்தை இருக்கும் வீடு கொடியில் தெரிந்துவிடும். உள்ளங்கை அகலத்தில் சட்டைகள், மடித்த துணிகள், ஒரு நாளைக்குப் பதினைந்து. அப்படி ஏழு வீடுகள் தெரிந்தன. ஏழிலும் ஏறி இறங்கினார். லிஃப்ட் இருந்தவை இரண்டு. எல்லா வீட்டிலும் குழந்தை இருந்தது, எல்லாம் அவர் கை பட்ட குழந்தைகள், எதுவும் அந்தக் குழந்தை இல்லை. ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில், வந்ததுதான் வந்தீர்கள், இந்தச் சொறியைப் பாருங்கள் என்று ஒரு காலை நீட்டினார்கள். பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

மணி மூன்று. முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

படி இறங்கும்போது அவர் நினைத்துக்கொண்டிருந்தது இன்னொரு குழந்தையை. வேலைக்கு வந்த ஏழாவது வருடம், லாரிக் கொட்டகை மெக்கானிக்கின் மகன். அழவே அழாது, பால் குடிக்கக் கூட எழுப்ப வேண்டும். இவ்வளவு சமத்தாக ஒரு பிள்ளையா என்று எல்லோரும் மெச்சினார்கள். அவரும் மெச்சினார். அந்தப் பையனுக்கு இப்போது இருபத்தைந்து வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான், பார்க்கிறவர்களை எல்லாம் பார்த்துச் சிரிப்பான். அது இதே குறைதானா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்குச் சோதிக்க எதுவும் இல்லை. முப்பத்தொரு குழந்தை பிறக்கும் இடத்தில் இந்த நோய் நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும். யாருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்?

இந்த முறை அடையாளம் தெரியும். அட்டை வந்துவிட்டது, முடிவு வந்துவிட்டது, மாத்திரை பைக்குள் இருக்கிறது. வீடுதான் தெரியவில்லை. அதுவும் தன் கையால்.

பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் ஒருவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்புகிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். நான்கு வருடத்துக்கு முன்பு இங்கே குடிவந்தவர். அவருடைய இரட்டைப் பெண்களுக்கு ஊசி அக்காதான் ஊசி போட்டார். நிலையத்தின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி உண்டு. சுற்றியுள்ள வீடுகளில் யாரும் மதியம் தூங்க முடியாததற்கு அதுதான் காரணம். அந்தப் பகுதியே அதைத் திட்டும்.

ஊசி அக்கா கண்ணாடியைத் தட்டினார்.

"எத்தனாம் நம்பர் வண்டிக்கா?"

"வண்டி இல்ல தம்பி. ஒரு குழந்தை."

டாக்டரிடம் போனில் கேட்டார். டாக்டர், நோயின் பெயரும் அம்மாவின் பெயரும் வெளியே வரக்கூடாது, மற்றதைச் சொல்லலாம் என்றார். ஊசி அக்கா ஒரு டிக்கெட் கட்டின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். டைம் கீப்பருக்கு வேறு குரல் தெரியாது. வண்டி அறிவிக்கும் அதே ராகத்தில் வாசித்தார்.

"பயணிகள் கவனத்திற்கு. பிறந்து பன்னிரண்டு நாள் ஆன பெண் குழந்தை. மூன்றாவது மாடி. சுகாதார நிலையத்தில் குதிகால் ரத்தம் கொடுத்த குழந்தை. ஊசி அக்கா கீழே நிற்கிறார். உடனே வரவும்."

நிலையத்தில் அப்போது அறுநூறு பேராவது நின்றிருப்பார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாவது முறை வாசித்தபோது ஜன்னல்கள் திறந்தன. மூன்றாவது முறை பால்கனிகளில் குழந்தைகள் வந்தன. ஒருவர் பின் ஒருவராக அம்மாக்கள் கைப்பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஊசி அக்கா கீழே நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். அது எட்டு மாதம், உள்ளே கொண்டு போ, வெயில் படுகிறது. அது ஆண் பிள்ளை, எனக்குத் தெரியாதா. ஒரு அப்பா நான்கு வயதுப் பையனைத் தூக்கி நிறுத்தி, "இவனுக்கு ஏதாவது பாக்கி இருக்காக்கா?" என்று கத்தினார். பையன் அப்பாவின் பிடியிலிருந்து வழுக்கி உள்ளே ஓடிப்போனான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பன்னிரண்டு நாள் பெண் குழந்தை எந்தப் பால்கனியிலும் வரவில்லை.

வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டின் மஞ்சள் சீருடை, கழுத்தில் அட்டை. அவள் ஏற வேண்டிய வண்டி வந்தது, ஏறவில்லை. பத்து நிமிடத்தில் அடுத்த வண்டி வந்தது; அதிலும் ஏறவில்லை. ஊசி அக்கா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண். ஊசிக்கு வந்துவிட்டுப் போகலாமா இருக்கலாமா என்று நிற்கிறவர்களை அவர் தினம் பார்க்கிறார். அவசரப்படுத்தினால் ஓடிவிடுவார்கள்.

கடைசியில் அந்தப் பெண்ணே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, பயப்படற மாதிரி விஷயமா?"

"மாத்திரை குடுத்தா ஒண்ணும் இல்லம்மா. குடுக்கலைன்னாத்தான் பயம்."

"குழந்தைய எடுத்துட்டுப் போயிட மாட்டீங்களே?"

"நான் எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போறேன்? எனக்கே ரெண்டு இருக்கு, ரெண்டும் சொன்ன பேச்சு கேக்காது."

அவள் மூன்றாவது வண்டியையும் விட்டாள். "வாங்க" என்றாள்.

அழைத்துப் போனது நிலையத்தின் கிழக்குப் பக்கம், கீழே ஜெராக்ஸ் கடை உள்ள நான்கு மாடிக் கட்டடம். ஊசி அக்கா வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டார். குட்டைக்கு எதிரில் இருந்த அந்த ஒரே வீடு இருந்த மனை இதுதான். கை எழுதியது சரிதான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் காலையிலேயே நம்பியிருந்தால் முதலில் இங்கே வந்திருப்பார். பால்கனியில் குழந்தைத் துணி இல்லாததால் இதை விட்டுவிட்டிருந்தார்.

துணி ஏன் இல்லை என்பது படியேறும்போதே தெரிந்தது. ஒவ்வொரு மாடியிலும் லேமினேட் செய்த ஓர் அறிவிப்பு: ஓர் அறையில் இருவருக்கு மேல் தங்கக் கூடாது. குழந்தைகள், நாய், பூனை அனுமதி இல்லை. இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்காகச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துக் கட்டிய கட்டடம் அது. மாடிக்குப் பத்துக் கதவு.

மூன்றாவது மாடியில் பத்துக் கதவுக்குப் பின்னால் இருந்தவர்களும் பன்னிரண்டு நாளாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். குழந்தையின் துணிகளை ஆளுக்கு நாலாகத் தங்கள் அறைக்குள் உலர்த்தினார்கள். பால் காய்ச்சும் அடுப்பு ஓர் அறையில், வெந்நீர் ஓர் அறையில். எட்டாம் நம்பர் அறைக்காரர் இரவுக் காவலாளி. குழந்தை சிணுங்கினால் கேட்காமல் இருக்க, பகல் முழுவதும் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டே தூங்கக் கற்றுக்கொண்டாராம். எல்லோரும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள். மூன்று மாதத்துக்கு முன்பு யாருக்கும் யாரையும் தெரியாது.

அதே மாடியில் குடியிருக்கும் மஞ்சள் சீருடைக்காரி ஆறாம் நம்பர் கதவை இரண்டு விரலால் தட்டினாள். "நாந்தான். தொற."

ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கட்டிலுக்கு மேலே குறுக்காக ஒரு கொடி. தரையில் சூப்பர் மார்க்கெட் அட்டைப்பெட்டி, உள்ளே மடித்த போர்வை, அதில் குழந்தை. அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். சரக்குக் கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை அவளுக்கு. கணவர் லிஃப்ட் பொருத்துகிறவர், வேலை இருக்கும் ஊரில் வாரக்கணக்கில் தங்கிவிடுவார். போன் எண்ணைத் தவறாகக் கொடுத்தது தான்தான் என்று கேட்பதற்கு முன்பே சொன்னாள். சுகாதார நிலையத்திலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தால் கீழே தெரிந்துவிடும், காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். ஒலிபெருக்கி அறிவிப்பு முதல் முறையே காதில் விழுந்தது. தன் குழந்தையைப் பற்றி ஊருக்கே சொல்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஊசி அக்கா உட்கார்ந்து குழந்தையைத் தொட்டார். தோல் சில்லென்று இருந்தது, லேசான மஞ்சள். உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"அழுமா?"

"அழவே அழாதுக்கா" என்றாள் அம்மா. அந்தப் பன்னிரண்டு நாளில் அவளுக்கு இருந்த ஒரே பெருமை அது. "கஷ்டம் தெரிஞ்ச குழந்தை. சத்தமே போடாது. ரொம்பச் சமத்து."

ஊசி அக்கா போர்வையைக் குழந்தையின் கழுத்து வரை இழுத்துவிட்டார். பிறகு மெதுவாக, சமத்து இல்லை, சுரப்பு இல்லை என்பதை விளக்கினார். மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், கொடுத்தால் எப்படி, கொடுக்காவிட்டால் எப்படி. குழந்தை தூங்குவது நிம்மதியால் அல்ல, தெம்பு இல்லாததால். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள், தான் சந்தோஷப்பட்டதை நினைத்துத்தான் அழுதாள்.

அப்போது வாசலில் ஜெராக்ஸ்காரர் வந்து நின்றார். கட்டடத்தின் சொந்தக்காரர். அப்பா கட்டியது, இப்போது இவர் பார்த்துக்கொள்கிறார். முப்பத்திரண்டு வயது, காதில் பேனா. ஒலிபெருக்கியும் கேட்டிருக்கிறார், ஊசி அக்கா தன் படியில் ஏறியதையும் பார்த்திருக்கிறார்.

எட்டாம் நம்பர் அறையில் ரேடியோ நின்றது.

ஊசி அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தையைக் கண்டுபிடிக்கிறேன் என்று அதைக் காட்டிக்கொடுத்தும் விட்டார்.

ஜெராக்ஸ்காரர் பெட்டியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், தன் அறிவிப்பையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். சட்டம் சட்டம்தான் என்று தொடங்கினார். பகலில் தூங்கத்தான் இங்கே வாடகை கொடுக்கிறார்கள், ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்றார். ஊசி அக்கா இடது கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தார்.

ஜெராக்ஸ்காரரின் முகம் காது வரை சிவந்துவிட்டது. "அக்கா, இன்னுமா அது போகல?"

"போகாதுடா. நல்லா ஆழமா கடிச்ச."

மஞ்சள் சீருடைக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜெராக்ஸ்காரரும் தலையைச் சொறிந்துகொண்டார். அட்டைப்பெட்டி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து குழந்தையைப் பார்த்தார். பன்னிரண்டு நாளாக இங்கேதான் இருக்கிறதா என்று கேட்டார்.

"எனக்குச் சத்தமே கேக்கலையே. சரி, சத்தம் போடாத குழந்தைன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அறையில் ஒரு பெருமூச்சு பரவியது. இதோடு விட்டிருக்கலாம். அம்மாவின் கண்கள் ஊசி அக்காவை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சின. அவர் விடவில்லை.

"இல்ல தம்பி. கத்தும்."

"என்னக்கா?"

"மாத்திரை வேலை செஞ்சா கத்தும். நீ கத்தின மாதிரி கத்தும். கத்தணும். கத்தலைன்னாத்தான் எனக்குக் கவலை. இப்பவே சொல்லிடறேன், அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாத."

ஜெராக்ஸ்காரர் எழுந்து நின்றார். மாடியில் பத்துக் கதவும் திறந்திருந்தன, வாசல்தோறும் ஆட்கள். எட்டாம் நம்பர் காவலாளி கலைந்த தலையோடு வந்து, தனக்கு எவ்வளவு சத்தத்திலும் தூக்கம் வரும் என்றார். மற்ற யாரும் உள்ளே போகவில்லை. ஜெராக்ஸ்காரர் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் காதிலிருந்த பேனாவை எடுத்தார். சுவரில் இருந்த அறிவிப்பின் மேல், குழந்தைகள் என்ற சொல்லை மட்டும் ஒரு கோடு இழுத்து அடித்தார். லேமினேட் மேல் மை நிற்கவில்லை. எச்சில் தொட்டு இன்னொரு முறை இழுத்தார்.

"கத்தட்டும்" என்றார். "நாய், பூனை மட்டும் கிடையாது."

அன்று மாலை ஆறு பத்துக்கு, சுகாதார நிலையத்தில் டாக்டர் மறு ரத்தம் எடுத்துவிட்டு முதல் மாத்திரையைத் தானே பொடித்தார். கரண்டியில் இரண்டு சொட்டுப் பாலில் குழைத்துக் கொடுத்ததும் குழந்தை முகத்தைச் சுளித்தது. பன்னிரண்டு நாளில் அது காட்டிய முதல் எதிர்ப்பு அதுதான் என்றாள் அம்மா. மஞ்சள் சீருடைக்காரி வேலைக்குப் போனபோது மூன்று மணி நேரம் தாமதம். அவள் மேலாளரிடம் டாக்டரே போனில் பேசினார்.

ஊசி அக்கா அந்தத் தவற்றை யார் மீதும் போடவில்லை. மறுநாள் எழுத்தரின் மேசைக்குப் போய், அந்த அறுநூற்று நாற்பதையும் சரிசெய்யலாம் வாங்க என்றார். பதினொரு பிற்பகல்கள் ஆயின. அவர் பழைய அடையாளத்தைச் சொல்ல, எழுத்தர் வரைபடத்தில் தேடி எண்ணைச் சொல்ல, தெரியாத இடத்துக்குப் போன் போட்டார்கள். போன் கிடைக்காத இடத்துக்கு அவர் நடந்து போனார். கடைசி நாளில் எழுத்தர், ஒன்றாம் எண் வீட்டில் இப்போது நிஜமாகவே ஒன்றாம் எண்ணில் இருக்கிற நான்கு குழந்தைகள்தான் மிச்சம், பாத்ரூம் பிரச்சினை தீர்ந்தது என்றார். ஊசி அக்கா சிரித்துக்கொண்டே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் குடியிருப்புகளையும், அந்த மாடியின் பத்துக் கதவுகளையும், வரிசையில் நின்று மூன்று வண்டியை விட்ட பெண்ணையும் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறிவிடுகிறது. "ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் இருந்தப்ப நான் தேட வேண்டியதே இல்ல. ஆனா தேடினாலும் அந்தப் பையனுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. இப்ப இவ்வளவு பேர். தேட வேண்டியிருக்கு. ஆனா தேடறதுக்கும் இவ்வளவு பேர் இருக்காங்களே." பிறகு கட்டைவிரல் தழும்பைத் தடவிக்கொண்டு, அந்த டைம் கீப்பருக்கு இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை என்கிறார். அவர் இப்போதெல்லாம் ஊசி முகாம் நாட்களையும் அதே ராகத்தில் மைக்கில் சொல்கிறார். கேட்பவர்கள் முதலில் பேருந்து என்றுதான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மாத்திரை தொடங்கிப் பதினேழாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஜெராக்ஸ்காரரிடமிருந்து போன் வந்தது. அவர் பேசவில்லை. போனை மாடிப்படிப் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார். ஊசி அக்கா ஸ்பீக்கரில் போட்டார். வரிசையில் நின்ற இருபத்தைந்து பேரும் டாக்டரும் எழுத்தரும் அந்த அழுகையை முழுதாகக் கேட்டார்கள்.

குழந்தைக்கு இன்றைக்கு நாற்பத்தொரு நாள். அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு. பேருந்து நிலையம் கிழக்குத் தெரு, கதவு எண் இருபத்தாறு, மூன்றாவது மாடி, ஆறாம் நம்பர் அறைக்கு ஊசி அக்காவே போய் எடுக்கிறார்.